நட்சத்திரங்களுக்கு நடுவில் என்ன சோலி

1

போன வாரம் ஆய்வகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்து இருபது வருடம் ஆகிவிட்டதாம். எனக்கே நினைவில்லை. அலுவலகக் கணினி நினைவு வைத்திருந்து யாருக்கோ மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. மஞ்சள் கேக்கின் மேல் சாக்லேட் எழுத்தில், ‘எங்கள் திருமதி இசக்கிமுத்துவுக்கு’ என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தார்கள்.

என் பெயர் கோமதி. இசக்கிமுத்து என் கணவர். எங்கள் பக்கம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பதை இந்த நாட்டுக்கு இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வங்கியில் சொன்னேன், பல் மருத்துவரிடம் சொன்னேன், மகளின் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். கேட்டுக்கொள்வார்கள், தலையாட்டுவார்கள். பிறகு, “சரி, ஆனால் இந்தக் கட்டத்தில் என்ன போடுவது?” என்பார்கள். ஒருநாள் அலுத்துப்போய்க் கணவர் பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் இசக்கிமுத்து. அந்த மனிதரோ மூன்று வருடமாகத் தென்காசிப் பக்கம் இருக்கிறார். அவர் பெயர் மட்டும் தினமும் காலையில் என்னோடு டிராம் ஏறி வேலைக்கு வருகிறது.

‘இசக்கி’ என்று எழுதியிருந்த துண்டு எனக்கு வந்தது. சாப்பிட்டேன். கைதட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் அவரவர் கருவிகளுக்குத் திரும்பிவிட்டோம்.

இடத்தில் வந்து உட்கார்ந்ததும் ஓர் அசதி வந்தது. வேலை செய்த அசதி இல்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதலாம் என்று அப்போதுதான் தோன்றியது. போன கோடையிலிருந்து இந்தக் குளிர்காலம் வரை எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2

அவர் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஊரில் அவர் பி.காம். படித்துவிட்டு ஒரு மில்லில் கணக்குப் பார்த்தவர். இங்கே அந்தப் படிப்பை ஏற்கவில்லை. ஒரு பெரிய கிடங்கில் பெட்டி கட்டும் வேலை கிடைத்தது. அதில்கூட அவருக்கு வருத்தமில்லை. மொழிதான் அவரை உட்கார வைத்துவிட்டது. எங்கள் மகள் யாழினிக்கு ஏழு வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரொட்டிக் கடைக்குப் போனார்கள். செர்ரிப் பழத்துக்கும் தேவாலயத்துக்கும் இந்த மொழியில் ஓர் ஒலிதான் வித்தியாசம். இவர் போய்த் தேவாலயக் கேக் இரண்டு துண்டு கேட்டிருக்கிறார். கடைப்பெண் கெட்ட எண்ணத்தில் சிரித்திருக்க மாட்டாள். ஆனால் யாழினி தலையைக் குனிந்துகொண்டு, அப்பாவை மெதுவாக ஒதுக்கிவிட்டு, முன்னால் போய்ச் சரியாகக் கேட்டு வாங்கினாள். வீட்டுக்கு வந்து அதையே பெரிய வேடிக்கையாக என்னிடம் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கடையிலும் வாய் திறந்து நான் பார்க்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் இலஞ்சியில் அவருடைய அண்ணன் பக்கவாதம் வந்து படுத்தார். ஒரு போகம் நிலத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று இவர் போனார். அடுத்த போகமும் வந்தது. சுந்தரபாண்டியபுரத்தில் இன்னும் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சூரியகாந்தி போட்டார். போனில் அவர் குரல் மாறியிருந்தது. பின்னணியில் யாரோ ‘அண்ணாச்சி, அண்ணாச்சி’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கே பதினைந்து பதினாறு வருடத்தில் அவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. வாங்க என்று நான் வற்புறுத்தவில்லை. இந்த நாட்டை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் போய்விட்டால் குடியிருப்பு அட்டை செல்லாது. அந்த அட்டை எங்கள் அலமாரியில் கிடந்தபடியே ஒருநாள் செல்லாததாகிவிட்டது. இருவருக்கும் தேதி தெரியும். இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

3

போன கோடை விடுமுறையில் யாழினியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். சாரல் பிடித்திருந்தது. இலஞ்சி வீட்டில் என் கணவருடைய அண்ணன் மனைவி பேச்சியக்கா, முருங்கைக்கீரையை ஆய்ந்தபடி நேராகக் கேட்டாள்.

“ஏ கோமதி, இத்தன வருசமா அங்கன என்னதான் சோலி பாக்குத? எங்க கொழுந்தன்ட்ட கேட்டா, ‘ஐஸ் போடுதா மதினி’ங்காரு.”

“ஐஸ்தான் போடுதேன்க்கா.”

“வெளையாடாத.”

விளையாடவில்லை. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நட்சத்திரங்களுக்கு நடுவில் இருக்கும் இடம் காலி என்று நாம் நினைக்கிறோம். அங்கே சில இடங்களில் மேகம் போல வாயுவும் தூசியும் திரண்டு கிடக்கின்றன. நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத குளிர். இதற்குக் கீழே குளிரே கிடையாது என்று ஓர் எல்லை உண்டு. அதற்குப் பத்துப் பாகை மேலே, அவ்வளவுதான். அந்தத் தூசி ஒவ்வொன்றும் புகைக்கரி போலப் பொடி. அதன் மேல் வாயுக்கள் வந்து ஒட்டிப் பனியாக உறைகின்றன. வண்டிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுகூட அங்கே பனிதான்.

“சரி, ஒறஞ்சு கெடக்கு. அப்புறம்?”

“ஹைட்ரஜன்னு ஒண்ணு இருக்குல்லாக்கா, ரொம்ப லேசானது. அந்தக் குளிர்லயும் அதால மட்டும் அந்தத் தூசி மேல நகர முடியும். ஒவ்வொண்ணா வந்து கார்பன் மோனாக்சைடோட ஒட்டும். மொதல்ல ஒண்ணு, பெறவு இன்னொண்ணு. நாலு சேந்தா சாராயம் மாதிரி ஒண்ணு ஆயிரும்.”

“வானத்துலயா?”

“வானத்துலதான். ஆனா குடிச்சா கண்ணு போயிரும், அந்த வகை. குடிக்கித வகையும் இருக்கு.”

பேச்சியக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். உள்ளே படுத்திருந்த அவள் கணவருக்கும் கேட்கும்படி, “ஏங்க, மேலயும் சாராயம் இருக்காம்!” என்றாள். பிறகு ஒரு நல்ல கேள்வி கேட்டாள்.

“இதெல்லாம் சேருததுக்கு அந்தத் தூசி எதுக்கு? அதுவா அந்தரத்துல சேராதோ?”

“சேரும்க்கா. சேந்த ஒடனே ஒரு சூடு வரும். அந்தச் சூட்டுலயே பிரிஞ்சு போயிரும். தூசி மேல இருந்தா, சூட்டைத் தூசி வாங்கிக்கிடும்.”

பாதி கட்டிய துண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், ஒன்றோடொன்று சேர்ந்து இன்னும் பெரிய மூலக்கூறுகள் ஆகும். சர்க்கரைக்குத் தூரத்துச் சொந்தம்கூட அப்படி உண்டாகிறது. லட்சக்கணக்கான வருடம் இப்படியே நடக்கும். பிறகு பக்கத்தில் ஒரு நட்சத்திரம் பிறந்து சூடு பரவும்போது, பனி ஆவியாகி எல்லாம் வெளியே வரும். வந்தவை சுழலும். ஒவ்வொன்றும் தன் சுழற்சிக்கு ஏற்ற ரேடியோ அலையை அனுப்பும். பாலைவனத்தில் வைத்திருக்கும் பெரிய ஆன்டெனாத் தட்டுகள் அதைக் கேட்டு, இன்னது இருக்கிறது என்று சொல்லும். ஆனால் அது எப்படி உண்டாயிற்று என்று தட்டுகளால் சொல்ல முடியாது. அதற்குத்தான் நாங்கள். ஓர் எவர்சில்வர் கலத்துக்குள் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, நகம் அகலத் தகட்டைக் குளிர வைத்து, அதில் பனி படியவிட்டு, ஹைட்ரஜனைத் தூவிப் பார்க்கிறோம். மாலையில் தகட்டை மெல்லச் சூடாக்குவோம். வெளியேறும் ஒவ்வொன்றையும் ஒரு கருவி எடை போட்டுச் சொல்லும்.

பேச்சியக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்பொ நீ செய்யுதது சமையல்தான்” என்றாள். “ஆனா திங்க முடியாத சமையல்.”

4

அந்தப் பயணத்துக்கு எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருடமாக எங்கள் பனியில் ஒரு மூலக்கூறு வந்துகொண்டிருந்தது. மூன்று கார்பன் கொண்ட ஒரு சாராய வகை. வானத்தில் அது இருப்பது தெரியும். எங்களைப் போல வெறும் கார்பன் மோனாக்சைடிலும் ஹைட்ரஜனிலும் தொடங்கி, இத்தனை குளிரில், இவ்வளவு தாராளமாக அது வரும் என்று நாங்களே எதிர்பார்க்கவில்லை. ஹைட்ரஜனைத் தூவினால் வந்தது, தூவாவிட்டால் வரவில்லை. குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம். இதை எழுதி வெளியிட்டுவிட்டால், இருபது வருடத்துக்கு இது போதும் என்று எனக்குத் தோன்றியது. தலை நிமிர்ந்து ஊருக்குத் திரும்பிவிடலாம்.

ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. கார்பனில் சாதாரணமானது ஒன்று, கொஞ்சம் கனமானது ஒன்று உண்டு. இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும், எடை மட்டும் வேறு. உள்ளே விடும் வாயுவைக் கனமான கார்பனாக மாற்றிவிட்டால், எங்கள் பனியில் பிறக்கும் மூலக்கூறும் கனமாகத்தான் பிறக்க வேண்டும். எடைக் கருவியில் அதன் கோடு மூன்று படி தள்ளி நிற்க வேண்டும். பழைய இடத்திலேயே நின்றால் அது எங்கள் பிள்ளை இல்லை, எங்கிருந்தோ வந்து ஏறிக்கொண்டது. நான் ஊரில் இருக்கும்போது அந்தச் சோதனையை என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரப் பையன் மாரெக் நடத்துவதாக ஏற்பாடு.

இதற்கிடையில் யாழினியைச் சூரியகாந்திக் காவலுக்கு அவளுடைய அப்பா கூட்டிப்போனார். பூத்திருக்கும் மாதத்தில் கேரளாவிலிருந்தெல்லாம் கார் போட்டு வந்து வயலுக்குள் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். நான்கு பையன்கள் உள்ளே போய் ஒரு செடியை மிதித்துச் சாய்த்துவிட்டார்கள். யாழினி வரப்பில் நின்று கத்தினாள்: “அவ மேல மிதிக்காதீங்க! அவ செத்துருவா!”

ஜெர்மன் மொழியில் பூ பெண்பால். பையன்கள் வெலவெலத்துப் போனார்கள். காலடியில் யார் கிடக்கிறாள் என்று செடிகளை விலக்கித் தேடிப் பார்த்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிட்டார்கள். இசக்கிமுத்து வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். எல்லோரையும் போல அவளும் சிரித்தாள். ஆனால் மாலையில் என்னிடம் வந்து, “நான் இங்க பேசினா அப்பாவுக்கு வெக்கமா இருக்குமா?” என்று கேட்டாள். ரொட்டிக் கடை அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் மூன்று பேரும் குற்றாலம் போனோம். தண்ணீர் அதிகமாகி ஐந்தருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். கயிறு கட்டி, போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்த கூட்டம் அப்படியே திரும்பியது. நாங்களும் ஒரு புரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்தோம். இலை போட்டு, சால்னா ஊற்றிய நேரத்தில் போன் அடித்தது. மாரெக்.

கடைக்குள் கொத்துப் புரோட்டாச் சத்தம். நான் தகரக் கூரைக்கு வெளியே வந்து சாரலில் நின்றேன்.

“நகரவில்லை,” என்றான் மாரெக். “மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். பழைய இடத்திலேயே நிற்கிறது.”

அவன் குரல் உடைந்திருந்தது. அவனுடைய முனைவர் பட்டமே அதை நம்பித்தான். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

“என்னட்டி, மொகம் இப்படிப் போச்சு?”

“நகரலையாம்.”

அவருக்குப் புரிந்தது. சோதனை பற்றி முந்தின நாள் வயலில் சொல்லியிருந்தேன். கையிலிருந்த புரோட்டாவை வைத்துவிட்டார்.

“அப்பொ ரெண்டு வருசமா நீங்க பாத்தது?”

“எங்களுது இல்ல. வெளிய இருந்து எதுவோ வந்திருக்கு.”

அவர் என் இலையிலிருந்த புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். “சாப்பிடு மொதல்ல. ஆறிருச்சுன்னா இழுக்கும்.”

யாழினி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கை கழுவப் போகிறேன் என்று எழுந்து போய், வெகுநேரம் வரவில்லை. அந்த நேரத்தில்தான் அவர் கேட்டார். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் அதைக் கேட்கக் காத்திருந்தது எனக்குத் தெரியும்.

“சரி, விட்டுரு. இங்கனயே இருந்துரு கோமு. தப்பாப் போச்சு, வந்துட்டேன்னு சொன்னா யாரு கேக்கப் போறா? இன்னும் எத்தன காலந்தான் அந்தக் குளிர்ல ஒத்தையா கெடப்ப?”

“தப்பாப் போனதாலதான் போணும்.”

“அது என்ன பேச்சு? சரியாப் போயிருந்தா?”

“வந்திருப்பேன்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கிடங்கிலிருந்து வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது அந்த நாட்களில் எப்படி இருப்பாரோ, அப்படி இருந்தார்.

“ஒன் ஞாயம் எனக்கு வெளங்கல.”

“எனக்கும்தான்” என்றேன்.

5

விமானம் திருவனந்தபுரத்திலிருந்து. செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் கார் போகும்போது ஓட்டுநர் மட்டும் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் போனில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டு வந்தார்.

உள்ளே போகும் வாசலில், டிக்கெட் காட்டும் வரிசைக்கு முன்னால், யாழினி அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பதினேழு வயது. கட்டிக்கொள்வதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. நிதானமாக, மனதுக்குள் கோத்து வைத்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

“அப்பா, நீங்க எனக்குக் குறையா இருக்கீங்க.”

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவளை மெதுவாக விலக்கி நிறுத்தினார்.

“என்னம்மா கொறை வச்சேன் ஒனக்கு? கிட்ட இல்ல, அது ஒண்ணுதான? மத்தபடி…”

யாழினிக்கு எங்கே தவறியது என்று புரியவில்லை. என்னைப் பார்த்தாள். இருபது வருடமாக ஜெர்மன் அரசாங்க அலுவலகங்களில், புதிதாக வரும் தமிழர்களுக்கெல்லாம் மொழிபெயர்த்தவள் நான். என் வீட்டு ஆட்களுக்கு நடுவில் நின்று மொழிபெயர்ப்பது அதுதான் முதல் தடவை.

“நீங்க நெனைக்குத அர்த்தம் இல்லைங்க. அங்கன அப்படித்தான் சொல்லுவாங்க. ஒரு ஆளு பக்கத்துல இல்லாம மனசு தேடுச்சுன்னா, ‘நீ எனக்குக் குறையுற’ம்பாங்க. நீங்க இல்லாம அவளுக்கு நெறையலையாம். அதச் சொல்லுதா.”

பின்னால் ஒரு துபாய்க் குடும்பம், மூட்டைகளோடு எங்களை முன்னால் போகச் சொல்லி நெருக்கியது. கடையநல்லூர்க்காரர்களாக இருக்கும், பேச்சு அப்படி இருந்தது. அவர் யாழினியின் தலையில் கையை வைத்து, “சரி, சரி. போங்க. வரிச நகருது” என்றார்.

நாங்கள் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணாடிக்கு வெளியே அந்தக் குடும்பத்தின் மூட்டை ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

6

இலையுதிர் காலம் முழுவதும் கழற்றினோம். எங்கள் கலத்தில் நூற்றுக்கணக்கான திருகாணிகள். ஒவ்வொரு குழாயாக எடுத்து, முகர்ந்து, சூடேற்றி, திரும்ப மாட்டிப் பார்த்தோம். கடைசியில் ஹைட்ரஜன் வரும் வழியில் ஒரு நெளிகுழாயின் மடிப்புக்குள் இருந்தது. பாகங்களைத் துடைக்கும் ஸ்பிரிட். கைக்குத் தடவும் சானிடைசரில் வரும் அதே வாசனை. அந்தக் குழாயை மாற்றிய நாளிலிருந்து, ஹைட்ரஜனைத் திறக்கும்போதெல்லாம் கூடவே துளித்துளியாக அதுவும் வந்திருக்கிறது. நாங்கள் தேடிய மூலக்கூறுக்கும் அதற்கும் ஒரே எடை. ஹைட்ரஜன் இல்லாமல் செய்த சோதனைகளில் அது வராததற்கும் இதுதான் காரணம். துடைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

குழுத் தலைவர் நல்ல மனிதர். இதை விட்டுவிட்டு வேறு ஏதாவது பார்க்கலாமே என்று தன்மையாகச் சொன்னார். குளிர்காலம் முடியும்வரை கொடுங்கள் என்று கேட்டேன். மாரெக் என்னோடு இருந்தான்.

அந்த மாதங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காலையில் இருட்டு, மாலையில் இருட்டு. டிராம். உள்ளே பம்புகளின் ஓயாத இரைச்சல். குளிர்விக்கும் இயந்திரம் ‘டக்… டக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும். விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் காதுக்குள் அதுதான். யாழினி வேறு ஒரு நகரத்தில் கல்லூரிக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். என்ன படிப்பு என்று கேட்டேன், சொன்னாள். எனக்குத் தெரியாத படிப்பு. நல்லதும்மா என்றேன். அவளும் அதற்கு மேல் சொல்லவில்லை. தட்டுகளைக் கழுவி வைத்தோம்.

பனி விழ ஆரம்பித்த பிறகு, ஒருநாள் கனமான கார்பனை விட்டுப் பார்த்தோம். பழைய இடத்தில் ஒன்றும் இல்லை. மூன்று படி தள்ளி, கோட்டின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களுக்கு நடுவில் ஒரு சிறு மேடு. முன்பு பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும். இன்னொரு முறை செய்தோம். வந்தது. அது எங்களுடையதுதான். பெரிய பத்திரிகைகள் எடுத்துக்கொள்ளாத அளவுக்குச் சிறியது. ஆனால் எங்களுடையது.

மாரெக் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நான் வெளியே நடைவழிக்கு வந்து ஊருக்குப் போன் போட்டேன். அவர் வயலில் இருந்தார். சூரியகாந்தி எடுத்துவிட்டு உளுந்து போட்டிருந்தார்கள்.

“நகந்துருச்சு,” என்றேன். “ஆனா ரொம்பச் சின்னது.”

“நெசந்தான?”

“நெசந்தான்.”

சரியாகப் போயிருந்தால் வந்திருப்பேன் என்று புரோட்டாக் கடையில் நான் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

“யாழினி பள்ளிக்கூடம் முடியட்டும். பெறவு நானும் அவளும் என்ன செய்யப் போறோம்னு எனக்கே தெரியலைங்க.”

அவர் யாரிடமோ மோட்டாரை நிறுத்தச் சொன்னார்.

“சரி. நா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன்” என்றார்.

7

பதினைந்து பதினாறு வருடம் இந்த நாட்டில் வரி கட்டியவர், இப்போது சுற்றுலா வருகிறவர்களைப் போல விசா கேட்டு வரிசையில் நிற்க வேண்டும். திரும்பி ஊருக்குப் போய்விடுவேன் என்று அவர் நிரூபிக்க வேண்டும். குத்தகைப் பத்திரத்தைக் காட்டினார். சூரியகாந்தி பூத்த வயலின் படத்தையும் சேர்த்து வைத்தாராம். அதைப் பார்த்து விசா அலுவலகப் பெண்மணி, அழகாக இருக்கிறது, இதை விட்டுவிட்டு யார் வருவார்கள் என்றாளாம். இந்தப் பக்கத்தில் நான் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். சாம்பல் நிறச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் கேள்விகள் கேட்டான்.

“வருகிறவர் உங்களுக்கு என்ன உறவு?”

“கணவர்.”

“வருகையின் நோக்கம்?”

“பார்க்க வருகிறார்.”

“குறித்த நாளுக்குள் கிளம்பிவிடுவாரா?”

“கிளம்பிவிடுவார்” என்றேன். அவருடைய பொறுப்பை ஏற்பதாகவும், விசா முடிந்ததும் அனுப்பி வைப்பதாகவும் கையெழுத்துப் போட்டேன். பிறருக்காக இதே மேசையில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். அன்றைக்குப் பேனா சரியாக எழுதவில்லை. அவன் தன்னுடைய பேனாவைக் கொடுத்தான்.

மூன்று வாரம் இருந்தார். யாழினி அவரை டிராமில் கூட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினாள். வழியில் யார் என்ன கேட்டாலும் அவளே முன்வந்து பதில் சொல்லாமல், அவர் சொல்லும்வரை காத்திருந்தாளாம். அவர்தான் என்னிடம் சொன்னார், ஆச்சரியத்தோடு. அவர் திரும்பிப் போய் ஒரு மாதம் ஆகிறது. இனி எப்படி என்று நாங்கள் முடிவு எதுவும் செய்யவில்லை. முடிவெடுக்க உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் தூக்கம் வந்துவிட்டது.

அந்த மூன்று வாரத்தில் ஒருநாளைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு முடித்துக்கொள்கிறேன். ஆய்வகத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். முன்பு இங்கே இருந்த காலத்தில் அவர் ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை. குரங்குத் தொப்பியைக் கழற்றாமலே கலத்தைச் சுற்றி வந்தார். சின்னக் கண்ணாடிச் சாளரம் வழியாக ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

“ஒண்ணும் தெரியலையே.”

“தெரியாதுங்க. அது அவ்வளவு மெல்லிசு.”

காலையில் பனி படியவிட்டிருந்தோம். மாலையில் சூடேற்றத் தொடங்கினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் கோடு ஊர்ந்தது. முதலில் கார்பன் மோனாக்சைடு போயிற்று. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அவர் எழுந்து போகவில்லை. பிறகு ஃபார்மால்டிஹைடு, அப்புறம் சாராயம். ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னேன். கடைசியில் அந்தச் சிறு மேடு எழுந்து, கொஞ்சம் நின்று, அடங்கியது.

“இதுதானா?”

“இதுதான்.”

“கனமானதா?”

“கனமானதுதான். நம்ம கார்பன்.”

திரையைத் தொடாமல், விரலால் அந்த மேட்டின் மேல் ஒரு தடவை போய் வந்தார்.

“மறுபடி போட்டா வருமா?”

“வரணும்.”

“அப்பொ போடு, பாப்போம்.”

“இன்னைக்கு முடியாதுங்க. மறுபடி குளுரணும். நாளைக்குக் காலையிலதான்.”

அவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்தோம். சாப்பிட்டோம். அதைப் பற்றி வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. ஏதோ பேச்சுக்குச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது, தொப்பி, மேல்கோட்டு, காலணி எல்லாம் மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே நின்றிருந்தார்.

“ஏட்டி, கெளம்பு” என்றார். “டிராம் போயிரும்.”